இரண்டு டோர்ச், ஒரு மெத்தை: துப்புரவுச் சோதனைக்கு 365-ஆ, 395-ஆ?

கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும் நிறைகின்றன. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். புறாமலைக்குப் படகுகள் ஓடும். விடுதி அறைகளுக்கு ஓய்வே இராது. முற்பகலில் ஒரு குடும்பம் வெளியேறினால் பிற்பகலில் அடுத்த குடும்பம் வந்துவிடும். இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் விரிப்பு மாற்றி, மலசலகூடம் கழுவி, தரை துடைத்து முடிக்க வேண்டும். இந்த வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கத்தான் புற ஊதா டோர்ச் விற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கறையையும் காட்டும் என்பது விற்பவர்களின் வாக்கு.

அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "பவர் எவ்வளவு?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அலைநீளம் எவ்வளவு? சந்தையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் இரண்டு சாதியாகப் பிரித்துவிடலாம். ஒன்று 395 நானோமீற்றர்: ஐம்பது, நூறு சின்ன எல்இடிகளை ஒரே முகத்தில் பதித்து, சாதாரண பென்டோர்ச் பற்றரிகளில் ஓடும் மலிவான சாமான். மற்றது 365 நானோமீற்றர்: ஒன்றோ சிலவோ பெரிய எல்இடிகள், முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி, உள்ளே மீள்மின்னேற்றும் லிதியம் பற்றரி. விலை பல மடங்கு கூடும். அந்தப் பணம் தகுமா என்பதை நம்மூர் வேலையிடங்களில் வைத்தே பார்க்க வேண்டும். எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை வேறு. பிழையான டோர்ச் காட்டியதை நம்பி, அறை துடைக்கும் ஒரு பெண்ணின் நாட்கூலியில் யாரும் கைவைத்துவிடக் கூடாது.

முப்பது நானோமீற்றரில் அப்படி என்ன இருக்கிறது? மனிதக் கண் ஏறத்தாழ 400 நானோமீற்றரில் பார்வையை இழக்கத் தொடங்குகிறது. 395 அந்த எல்லையிலேயே நிற்கிறது. அந்த எல்இடிகள் உமிழும் ஒளியில் ஒரு பகுதி எல்லையைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் ஊதாவாகவே வந்து விழுகிறது. 365 எல்லைக்கு நன்கு கீழே இருப்பதால் கண்ணுக்கு அநேகமாகத் தெரிவதில்லை. நமக்கு வேண்டியதோ டோர்ச்சின் ஒளியல்ல. அந்த ஒளியை விழுங்கிவிட்டுப் பொருள் திருப்பித் தரும் ஒளி. விழுங்கியதைவிட நீண்ட அலைநீளத்தில், அதாவது நீலமாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ, பொருள் அதைத் திருப்பித் தரும் என்பதை 1852இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கினார். திரும்பி வரும் இந்த ஒளி மிகவும் பலவீனமானது. 395 டோர்ச்சை வெள்ளைத் தரையோட்டில் அடித்தால் ஓடு முழுக்க ஊதா பரவிவிடும். பழைய, காய்ந்த, பெரிய கறை அதையும் மீறித் தெரியும். மெல்லிய தெறிப்புகள் ஊதாவுக்குள் மூழ்கிவிடும்.

365 எல்இடியும் கொஞ்சம் வெண்ணிற ஒளியைச் சேர்த்தே கசியவிடும். அதைத் தடுக்கத்தான் கறுப்புக் கண்ணாடி. புற ஊதாவை மட்டும் விட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்கும் நிக்கல் ஒட்சைட்டுக் கண்ணாடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் ரொபர்ட் வூட். முதலாம் உலகப் போர்க் காலத்தில் எதிரியின் கண்ணில் படாத ஒளியால் செய்தி அனுப்ப அவர் முயன்றதும் இத்தகைய வடிகட்டிகளை வைத்துத்தான். பிறகு அதே கண்ணாடி தோல் வைத்தியர்களிடம் போய் 'வூட் விளக்கு' ஆனது. இன்றைய டோர்ச்களில் இருப்பது பெரும்பாலும் இசட்டபிள்யூபி2 என்று குறிக்கப்படும் சீனக் கண்ணாடி. வடிகட்டி இல்லாத 365 டோர்ச் பாதிக் கருவிதான். விற்பனைப் படத்தில் முகக் கண்ணாடி தெளிவாக, உள்ளே எல்இடி தெரியும்படி இருந்தால், அது எத்தனை வோட் என்று எழுதியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி அறைக்குள் போவோம். எல்லோரும் முதலில் டோர்ச்சை அடிப்பது கட்டில் விரிப்பில். அதுவே முதல் பிழை. சலவைத் தூளில் வெண்மை கூட்டும் சாயம் கலந்திருக்கிறது. புற ஊதாவை விழுங்கி நீல வெள்ளையாக மின்னுவதுதான் அதன் வேலையே. நன்றாகத் தோய்த்த விரிப்பு 365இன் கீழ் நிலாவைப் போல் எரியும். அந்த வெளிச்சத்தின் நடுவே சிறுநீர்க் கறை கிடந்தால் ஒளிர்வாகத் தெரியாது. மங்கலான, மஞ்சள் கலந்த திட்டாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். இரத்தம் எங்குமே ஒளிராது. புற ஊதாவை விழுங்கிக் கறுப்பாகத்தான் கிடக்கும். ஆகவே விரிப்பைத் தூக்கிவிட்டு மெத்தையையும் மெத்தை உறையையும் பார்க்க வேண்டும். பழைய மெத்தையில் வியர்வை, சிறுநீர், சிந்திய பால் எல்லாம் மங்கிய மஞ்சளும் நீலமுமாய் வரைபடம் போட்டிருக்கும். இங்கேதான் இரண்டு டோர்ச்சுக்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. 395 கறையின் நடுப்பகுதியைக் காட்டும். வடிகட்டியுள்ள 365 அது பரவிய ஓரத்தையும் காட்டும். மெத்தையைக் கழுவுவதா, உறையை மட்டும் மாற்றுவதா என்று முடிவெடுக்க அந்த ஓரம்தான் தேவை.

மலசலகூடத்தில் கொமட்டின் அடிப்பாகம், தரையோடு சேரும் விளிம்பு, ஓடுகளுக்கிடையிலான சீமெந்துக் கோடு ஆகிய மூன்றும் சிறுநீர்த் தெறிப்பு ஒதுங்கும் இடங்கள். வெள்ளைப் பீங்கான் 395இன் ஊதாவைத் திருப்பி அடிப்பதால் மலிவு டோர்ச் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். 365இலும் ஒரு சிக்கல் உண்டு. சவர்க்காரப் படிவும் ஒளிரும். சில தரை கழுவும் திரவங்களும் ஒளிரும். அலசாமல் விட்ட சவர்க்காரமும் கழுவாமல் விட்ட சிறுநீரும் டோர்ச்சின் கீழ் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. எது எது என்று அறிய வழி எளிது: வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து மீண்டும் பார்க்கலாம்; மணமும் சொல்லும். இதைச் செய்யாமல் "இங்கே பார், ஊத்தை" என்று ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவது அநியாயம். கூடுதலாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தவரே அங்கே குற்றவாளி ஆகிவிடுகிறார்.

சமையலறையில் கதை மாறுகிறது. நம் சமையலில் மஞ்சள் இல்லாத நாள் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் ஊதாவையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிப் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதனால் மஞ்சள் கறையைப் பொறுத்தவரை 395 நன்றாகவே வேலை செய்யும். வெட்டுப்பலகையின் கீறல்களிலும் மேசை விளிம்பிலும் ஒட்டிய கறித்தடத்தைக் காண விலை கூடிய டோர்ச் தேவையில்லை. பச்சை இலைகளின் சாறு சிவப்பாக ஒளிரும். இயந்திர எண்ணெயும் கிரீஸும் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். குளிரறைக் கதவின் பிணைச்சலிலிருந்து உணவு வைக்கும் தட்டுக்குக் கிரீஸ் வந்திருந்தால் வடிகட்டியுள்ள 365 அதைக் காட்டக்கூடும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீனைப் பதப்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. மீன் சதையில் இருக்கும் சில வட்டப்புழுக்கள், சதையை அழுத்தி உறையவைத்தபின் 366 நானோமீற்றர் அளவிலான ஒளியில் மின்னித் தெரியும். ஆய்வுகூடங்கள் கையாளும் முறை இது. அந்த வேலைக்கு 395 ஆகாது.

சீனன்குடாவில் கோதுமைக் கப்பல்கள் வந்து பிறிமா மாவு ஆலைக்குத் தானியம் இறக்குவதை நகரமே அறியும். கந்தளாய், மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் நெல் மூட்டைகள் களஞ்சியங்களில் அடுக்கப்படுகின்றன. தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். இந்தத் தொழிலில் புற ஊதா விளக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிசோதகர்கள் தானியச் சாக்குகளில் எலிச் சிறுநீரைத் தேடுவது நீளலைப் புற ஊதாவின் கீழ்தான். புதிய கறை நீலம் கலந்த வெள்ளையாகவும் பழையது மஞ்சள் கலந்தும் தெரியும். எலி மயிரும் ஒளிரும். ஆனால் அவர்கள் ஒளிர்வைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதுவதில்லை. சிறுநீரில் உள்ள யூரியாவோடு வினைபுரிந்து நிறம் மாறும் சோதனைத் தாளை வைத்து உறுதிப்படுத்திய பிறகே பதிவு செய்கிறார்கள். சாக்கின் நூலும் அதில் அச்சிட்ட மையும் சிந்திய எண்ணெயும்கூட ஒளிரக்கூடும் என்பதை அவர்கள் அறிவார்கள். டோர்ச் இடத்தைத்தான் காட்டும், குற்றத்தை நிரூபிக்காது என்ற ஒழுங்கு அங்கே வேலையின் பகுதியாகவே இருக்கிறது. நம் விடுதிகளில் அந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை.

வைத்தியசாலையில் இந்த டோர்ச்சின் மிகச் சிறந்த பயன் அழுக்கைத் தேடுவதில் இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் களிம்பு ஒன்றைக் கட்டில் கம்பி, அழைப்பு மணிப் பொத்தான், கதவுக் கைப்பிடி, கழிப்பறை நீர்விசை ஆகியவற்றில் சிறு புள்ளியாக வைத்துவிடுவார்கள். துப்புரவு முடிந்தபின் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். புள்ளி போயிருந்தால் அந்த இடம் துடைக்கப்பட்டிருக்கிறது; இருந்தால் கை அங்கே போகவில்லை. பிலிப் கார்லிங்கும் சகாக்களும் அமெரிக்காவின் 36 வைத்தியசாலைகளில் இப்படிச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கத்தில் துடைக்கப்பட்டிருந்தவை 48 விழுக்காடு மட்டுமே. முடிவுகளைப் பணியாளர்களுக்கே காட்டிப் பயிற்சி கொடுத்தபின் அது 77 விழுக்காடாக உயர்ந்தது. 2010இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது.

இந்த வேலைக்கு 365, 395 இரண்டும் போதும். களிம்பு பளிச்சென்று ஒளிர்வதற்காகவே செய்யப்பட்டது. ஊதா மூட்டம் அதை மறைக்காது. எந்தக் களிம்பு எந்த அலைநீளத்துக்கு என்று அதன் தயாரிப்பாளர் சொல்வதைப் பார்த்து வாங்கினால் சரி. திருகோணமலையில் பணம் குறைந்த சிறு சிகிச்சை நிலையமோ நாலு அறை வைத்திருக்கும் வீட்டு விடுதியோ நடத்துபவர் மலிவான 395 டோர்ச்சையும் ஒரு சிறு குப்பிக் களிம்பையும் வாங்கினால், விலை கூடிய டோர்ச்சைத் தனியே வாங்கியவரைவிட நேர்மையான விடை அவருக்குக் கிடைக்கும். சவர்க்காரமா சிறுநீரா என்ற குழப்பம் இங்கே இல்லை. புள்ளியை வைத்தது நாம். அது போனதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

இரண்டு டோர்ச்சும் செய்யாத வேலைகளையும் சொல்லியாக வேண்டும். கிருமியை இரண்டுமே காட்டா. சில பக்டீரியாக்கள் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிர்வது தோல் வைத்தியத்தில் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் மேசையில் ஒட்டியிருக்கும் வைரசும் பெரும்பாலான பக்டீரியாக்களும் எந்த டோர்ச்சுக்கும் தென்படா. கிருமியை இவை கொல்வதும் இல்லை. கிருமிநாசினி விளக்குகளில் இருப்பது 254 நானோமீற்றர் அளவிலான யூவி-சி. அது முற்றிலும் வேறு சாமான், தோலையும் கண்ணையும் சுடக்கூடியது. கொவிட் காலத்துக்குப் பிறகு கிருமிநாசினி விளக்கையும் இந்த டோர்ச்சையும் ஒன்றாக்கி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். 365 டோர்ச்சின் பெட்டியில் "கிருமி நீக்கும்" என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியில் எழுதியுள்ள மற்ற எதையும் நான் நம்பமாட்டேன்.

இப்போது பவருக்கு வருவோம். எழுதியிருக்கும் வோட் என்பது டோர்ச் பற்றரியிலிருந்து எடுக்கும் மின்சாரம். வெளியே வரும் புற ஊதாவின் அளவு அல்ல. அதை அளக்கத் துறைமுக உலகில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. கப்பல் உடலின் வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ஒளிரும் மையை ஊற்றிப் பார்க்கும் பரிசோதகர்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 3059. சோதிக்கும் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் குறைந்தது 1,000 மைக்ரோவோட் யூவி-ஏ (இந்த டோர்ச்கள் உமிழும் வகைப் புற ஊதா) விழ வேண்டும், அறையின் சாதாரண வெளிச்சம் 20 லக்ஸைத் தாண்டக் கூடாது என்கிறது அது. துப்புரவுச் சோதனைக்கு இந்தத் தரம் கட்டாயமில்லை. ஆனால் நல்ல உற்பத்தியாளர் இத்தனை தூரத்தில் இத்தனை மைக்ரோவோட் என்று சொல்லுவார்; மலிவு டோர்ச்சின் பெட்டியில் எல்இடிகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும்.

20 லக்ஸ் என்ற அந்த இரண்டாவது நிபந்தனைதான் நம்மூரில் பெரிய இடைஞ்சல். விடுதி அறையைச் சோதிக்க வேண்டிய நேரம் உச்சி வெயில். கடலைப் பார்த்த கண்ணாடிக் கதவு, மெல்லிய திரைச்சேலை, வெளியே வெள்ளை மணல். இந்த வெளிச்சத்தில் 395 டோர்ச் அநேகமாகப் பயனற்றது. வடிகட்டியுள்ள பலமான 365கூடத் தடுமாறும். தடித்த இருள்திரை போட்ட அறைகளில் மட்டும் பகலில் பார்க்கலாம். கண் இருட்டுக்குப் பழக ஓரிரு நிமிடம் கொடுக்க வேண்டும். மற்ற அறைகளை ஆள் இல்லாத நாளில் பொழுதுபட்ட பிறகு சோதிப்பதே சரி. இன்னும் கூடுதல் பவர் வாங்கப் பணம் செலவழிக்க நினைப்பவர் அதே பணத்தில் இருள்திரை வாங்கினால் விருந்தாளியும் நன்றாக உறங்குவார். கதிரின் அகலமும் முக்கியம். தூரத்தில் குவியும் ஒடுங்கிய கதிர் எண்களில் பெரிதாகத் தெரியும். மெத்தையைப் பார்க்க அகன்று விரியும் கதிரே உதவும்.

பாதுகாப்பில் இரண்டும் இடம் மாறுகின்றன. 395 கண்ணைக் கூசச் செய்யும். உடனே முகத்தைத் திருப்பிவிடுவோம். வடிகட்டியுள்ள 365 மங்கலாகத் தெரிவதால் கண்மணி சுருங்காது, எச்சரிக்கையும் இராது. அதற்குள் கண்வில்லை கதிரை வாங்கிக்கொண்டிருக்கும். நீண்ட நேரம் கண்ணில் படக்கூடிய யூவி-ஏயின் அளவு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிவோட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. பலமான டோர்ச் கிட்டத்தில் அதை எளிதாகத் தாண்டும். கண்ணாடி, குழாய், துருவேறா உருக்கு எல்லாம் கதிரைத் திருப்பி அடிக்கும். புற ஊதாவை மறிக்கும் மஞ்சள் பொலிகாபனேற்று மூக்குக்கண்ணாடி கட்டாயம். அது சிந்திய ஊதாவையும் வெட்டிவிடுவதால் கறை இன்னும் தெளிவாகத் தெரியும். டோர்ச் வாங்கிக் கொடுத்துவிட்டு இந்தக் கண்ணாடியை வாங்கிக் கொடுக்காத முதலாளி பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

கடைக்குப் போனால் செய்ய வேண்டிய சோதனைகள் சில. சமையலறை அலுமினியத் தாளில் அடித்துப் பாருங்கள், அது ஒளிராது. அதில் ஊதா பளிச்சென்று தெறித்தால் அது 395, அல்லது வடிகட்டி இல்லாதது. அடுத்ததாக ஒரு நாணயத்தாளில் அடியுங்கள். பருத்தியால் செய்த அந்தத் தாள் இருண்டு கிடக்க, மறைந்திருக்கும் குறிகள் மட்டும் எழுந்து நின்றால் நல்ல 365. தாள் முழுக்க ஊதாவாகப் பூசப்பட்டால் வேண்டாம். மூன்றாவது பற்றரி: 18650 அளவுப் பற்றரியில் பொதுவாகக் கிடைக்கும் உயர்ந்தபட்ச உண்மையான கொள்ளளவு சுமார் 3,500 மில்லியம்பியர் மணித்தியாலம்தான். 9,900 என்று எழுதியிருந்தால் அது பொய். பொய் எழுதிய லிதியம் பற்றரியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்வது ஆபத்தும்கூட. வாங்கியபின் நம் உப்புக்காற்றையும் நினைக்க வேண்டும். வாடை வீசும் ஈர மாதங்களில் புரியிலும் மின்தொடுகையிலும் துரு ஏறும். வடிகட்டிக் கண்ணாடியின் மேல் மெல்லிய மங்கல் படியலாம். மெல்லிய துணியால் துடைத்து, மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பையோடு வைப்பது நல்லது.

395ஐ முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. களிம்புச் சோதனைக்கும் மஞ்சள் கறைக்கும் அது போதும். இரவில் முற்றத்திலும் செருப்படுக்கிலும் தேள் தேடவும் அதுவே போதும். தேளின் ஓடு இரண்டிலும் பச்சை நீலமாக மின்னும். மெத்தை, மலசலகூடம், களஞ்சியம், மீன் பதனிடும் இடம் என்று வந்தால் வடிகட்டியுள்ள 365 ஒன்றே கருவி. பத்து அறைக்கு மேல் உள்ள விடுதிக்கு மலிவு டோர்ச் ஐந்து வாங்குவதைவிட நல்ல 365 ஒன்றும் மஞ்சள் கண்ணாடி இரண்டும் வாங்குவதே என் தீர்ப்பு.

விடுதி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த டோர்ச்சை முதலில் அறை துடைப்பவர் கையில் கொடுங்கள். எது சவர்க்காரம், எது சிறுநீர் என்று அவர் தன் கண்ணால் பார்த்துப் பழகட்டும். ஒளிர்ந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து மறுபடி பார்க்காமல் யாருடைய பெயரையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். டோர்ச் காட்டியதை மட்டும் வைத்து யாருடைய சம்பளத்திலும் ஒரு ரூபாயும் வெட்டாதீர்கள்.